பேட்ஜை நம்பாதீர்கள், பெட்ரோல் டேங்க் மேலே பாருங்கள்!

1970-ஆம் வருடத்து செவர்லே செவெல் கார்கள் இரண்டு நிற்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே சிவப்பு. பானெட்டின் மேல் ஒரே மாதிரி கறுப்புப் பட்டைகள். கிரில்லில் ஒரே 'எஸ்.எஸ்.' எழுத்து. பானெட்டைத் தூக்கினால் ஒரே 454 கியூபிக் இன்ச் வி-8 என்ஜின். டேஷ்போர்டின் ஓரத்தில், முன்கண்ணாடி வழியாகப் படிக்கும்படி அடித்திருக்கும் தகட்டில்கூட இரண்டின் எண்ணும் 13637 என்றுதான் தொடங்கும். முதல் கார், தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே 450 குதிரைசக்தியோடு வந்த எல்.எஸ்.6. இரண்டாவது, ஏதோ ஒரு குடும்பம் ஆபீசுக்கும் கடைக்கும் போய்வர வாங்கிய, 307 என்ஜின் போட்ட 'மாலிபு' ரகச் செவெல்; பின்னாளில் பட்டறையில் வேஷம் கட்டிக்கொண்டது.

விலையில் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம். ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்றால், முடியாது. நல்ல மெக்கானிக்கின் கைபட்ட நகல் சமயத்தில் அசலைவிட ஒழுங்காகவே ஓடும். பேட்ஜ், சீட் உறை, ஸ்டீரிங், என்ஜின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் வரை எல்லாம் புதிதாகவே தயாராகி விற்பனைக்கு வருகின்றன. சில மாடல்களுக்கு முழு உடம்பே, கதவிலிருந்து கூரை வரை, புதிதாக அச்சில் அடித்து விற்கிறார்கள். ஆக, வாங்குபவர் கொடுக்கும் கூடுதல் பணமெல்லாம் அந்தக் கார் எப்படிப் பிறந்தது என்பதற்காக. அந்தப் பிறப்பை நிரூபிப்பது சுலபமா, கஷ்டமா என்பது காரின் கையில் இல்லை. 50, 60 வருடங்களுக்கு முன்னால் டெட்ராய்ட் கம்பெனிகளின் குமாஸ்தாக்கள் எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தினார்கள், எதைக் குப்பையில் போட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது.

மஸில் கார் என்று அமெரிக்கர்கள் செல்லமாகச் சொல்லும் இந்த ரகம் பிறந்ததே ஒரு காகிதத் தந்திரத்தில்தான். 1963-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை, தன் கம்பெனிகள் எதுவும் கார் பந்தயத்தில் தலையிடக் கூடாது என்று தடை போட்டது. நடுத்தர அளவு கார்களில் 330 கியூபிக் இன்ச்சுக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. அந்தக் குழுமத்தின் ஒரு பிரிவான போன்டியாக்கில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். அவரும் சகாக்களும் 389 கியூபிக் இன்ச் என்ஜினை எடுத்து நடுத்தர டெம்பெஸ்ட் காருக்குள் உட்காரவைத்துப் பார்த்தார்கள். கார் பறந்தது. புது மாடல் என்று சொன்னால் மேலிடத்தின் அனுமதி வேண்டும், கிடைக்காது. அதனால் 'லெ மான்' என்ற மாடலுக்கு வாடிக்கையாளர் விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் ஒரு கூடுதல் வசதி என்று எழுதினார்கள். ரேடியோ கேட்பது போல, 300 டாலருக்குள் கொடுத்து இதைக் கேட்டு வாங்கலாம்! பெயர், ஃபெராரியிடமிருந்து கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்ட 'ஜி.டி.ஓ.'. 5,000 விற்றால் போதும் என்று ஆரம்பித்தார்கள். 1964 மாடலில் மட்டும் 32,450 விற்றது.

மேலிடத்தின் கண்ணில் மண்ணைத் தூவிய அந்தத் தந்திரம், இன்றைக்கு வாங்குபவர் கண்ணிலும் மண்ணைத் தூவிக்கொண்டிருக்கிறது. கூடுதல் வசதி என்றால் அதற்குத் தனி சேசிஸ் எண் கிடையாது. 1964, 1965 ஜி.டி.ஓ.வின் எண்ணைப் படித்தால் அது லெ மான் என்றுதான் சொல்லும். அதற்கு மேல் வாயைத் திறக்காது. போன்டியாக்கின் 326 என்ஜினுக்கும் 389 என்ஜினுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமும் கிடையாது. 1966-ல் ஜி.டி.ஓ. தனி மாடலாக உயர்ந்தபின் எண் 242 என்று தொடங்கியது. 1971 வரை இந்தத் தனி எண் நீடித்தது. அந்த வருடங்களின் ஜி.டி.ஓ. என்று சொல்லிக்கொண்டு வரும் கார் 237 என்று தொடங்கினால் பேச்சை அத்தோடு முடித்துவிடலாம். ஆனால் 1969-ல் வந்த 'தி ஜட்ஜ்' என்ற ரகத்துக்குத் தனி எண் இல்லை. அதுவும் ஜி.டி.ஓ. மேல் ஏற்றிய கூடுதல் வசதிதான். அந்த வருடம் மொத்தம் 6,833 ஜட்ஜ் கார்கள் வந்தன. சாதாரண ஜி.டி.ஓ. ஒன்றுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்து, பின்னால் இறக்கை மாட்டி, பக்கவாட்டில் பட்டை ஒட்டினால், பார்வைக்கு இன்னொரு ஜட்ஜ் தயார்.

இருந்தாலும் போன்டியாக் வாங்குபவர் கொடுத்துவைத்தவர். கம்பெனி தன் விற்பனைப் பில்களை மைக்ரோஃபிலிமில் சேமித்தது. 1961 முதலான அந்தப் பதிவுகள் இன்று போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் இருக்கின்றன. சேசிஸ் எண்ணையும் கட்டணத்தையும் அனுப்பினால், அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது எந்த என்ஜின், எந்த கியர்பாக்ஸ், என்னென்ன கூடுதல் வசதிகள் இருந்தன என்று பழைய பில்லின் நகல் வந்துவிடும். ஜட்ஜ் என்று அதில் இல்லையென்றால் ஜட்ஜ் இல்லை. விற்பவர் தாத்தா காலத்துப் புகைப்படத்தை எடுத்துக்காட்டினாலும் சரி, கண் கலங்கினாலும் சரி. ஃபோர்டு வாங்குபவருக்கும் இந்த அதிர்ஷ்டம் உண்டு. 1967 முதலான ஃபோர்டு தயாரிப்புப் பதிவுகளை வைத்து மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ் என்ற நிறுவனம் அறிக்கை தருகிறது. ஃபோர்டின் மஸ்டாங் கார் சந்தையில் 'மார்ட்டி ரிப்போர்ட்' கையில் இல்லாமல் யாரும் பெரிய தொகை பேசுவதில்லை.

செவர்லே பக்கம் வந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

அமெரிக்காவில் அதிகம் விற்ற கம்பெனி, அதிகம் நகலெடுக்கப்படும் கார்களைச் செய்த கம்பெனி, எந்தக் காரில் எந்த என்ஜின் போட்டோம் என்ற பதிவை வைத்துக்கொள்ளவில்லை. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு: கனடா. அங்கே விற்ற கார்களுக்கான பதிவுகளை ஜெனரல் மோட்டார்ஸின் கனடா பிரிவு காப்பாற்றி வைத்தது, கேட்டால் கொடுக்கிறது. அதனால் அமெரிக்காவில் ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு செவெல்களில், டொரன்டோவுக்கு விற்கப்போனது தன்னை நிரூபிக்கும். ஓஹையோவிலேயே தங்கிவிட்டது திருதிருவென்று விழிக்கும்.

சேசிஸ் எண்ணும் கைகொடுக்காது. 1966 முதல் 1968 வரை செவெலின் எஸ்.எஸ். 396 ரகத்துக்கு 138 என்று தனித் தொடக்கம் இருந்தது. 1969-ல் அதையும் கூடுதல் வசதியாக இறக்கிவிட்டார்கள். கடைசியாக 1972-ல்தான் ஜெனரல் மோட்டார்ஸ் எண்ணின் ஐந்தாவது இடத்தில் என்ஜினைக் குறிக்கும் எழுத்து வந்தது. அதற்குள் மஸில் கார்களின் பொற்காலம் முடிந்துவிட்டது. (இன்று உலகம் முழுக்க நாம் பார்க்கும் 17 இலக்க எண், அமெரிக்காவில் 1981 மாடலில்தான் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பாஷை.) ஆக, உலகமே தேடும் 1970 எல்.எஸ்.6 செவெலின் எண் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: இது வி-8 போட்ட, இரண்டு கதவு மாலிபு. எல்.எஸ்.6 போட்ட கார்கள் மொத்தம் 4,475 என்பது பரவலாக ஒப்புக்கொண்ட கணக்கு. இன்று அதைவிட அதிகமாகவே உயிரோடு இருக்கின்றன என்று அந்தச் சந்தையில் கிண்டலாகச் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட காரில் முதல் வேலை, அதன் கீழே படுப்பது. தொழிற்சாலையில் ஒவ்வொரு காருக்கும் 'பில்ட் ஷீட்' என்று ஒரு தாள் வரிசையோடு நகர்ந்து வரும். எந்த என்ஜின், எந்த ஆக்சில், எந்த ஸ்பிரிங் மாட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். வேலை முடிந்ததும் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. தொழிலாளி அதைச் சுருட்டி சீட் ஸ்பிரிங்கில் செருகியிருப்பார், இல்லை பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்தபடி டேங்க்கை மாட்டியிருப்பார். அலட்சியமாக விட்டுப்போன அந்தக் குப்பைதான் இன்று அந்தக் காரின் பிறப்புச் சான்றிதழ். டேங்க்கை இறக்கும்போது எலி கடித்து, ஈரத்தில் ஊறி, அப்பளம் போல உடையும் தாள் கிடைத்தால் சொந்தக்காரருக்கு லாட்டரி அடித்த மாதிரி. கிடைத்தாலும் உடனே குதிக்கக் கூடாது; வரிசையில் முன்னால் போன காரின் தாள் தவறிப்போய் இந்தக் காருக்குள் வந்திருப்பதும் சகஜம். தாளில் இருக்கும் எண்ணும் காரின் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது சாட்சி என்ஜின். நம் ஊரில் பழைய வண்டி கை மாறும்போது சேசிஸ் எண் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்போம் அல்லவா, அங்கே அதையே ஒரு கலையாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். செவர்லேயின் 1969 கமாரோ இசட்/28-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 302 என்ஜினில் வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் தட்டையாக ஒரு சிறிய இடம். அங்கே இரண்டு முத்திரைகள். ஒன்று என்ஜின் தொழிற்சாலையில் அடித்தது: வி என்றால் ஃபிளின்ட் நகரம், பிறகு மாதமும் தேதியும், கடைசியில் டி.இசட். என்ற இரண்டு எழுத்து. அந்த டி.இசட்.தான் 1969 இசட்/28-ன் அடையாளம். இன்னொன்று கார் தொழிற்சாலையில் அடித்தது: காரின் சொந்த எண்ணின் சுருக்கம். 1 என்றால் செவர்லே, 9 என்றால் 1969, என் என்றால் ஓஹையோவின் நார்வுட் தொழிற்சாலை, பிறகு ஆறு இலக்கம். இந்த ஆறு இலக்கமும் டேஷ்போர்டு தகட்டில் இருப்பதும் ஒத்துப்போனால் 'நம்பர்ஸ் மேட்சிங்'. அந்த வார்த்தை விலையை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அதனால்தான் முத்திரை அடிக்கும் உளியும் சுத்தியலும் பல பட்டறைகளில் சத்தமில்லாமல் வேலை செய்கின்றன. என்ஜின் பிளாக்கின் மேல்பரப்பை மெஷினில் சீவினால் பழைய எண் போய்விடும். வேண்டிய எண்ணைப் புதிதாக அடித்துக்கொள்ளலாம். காட்டிக்கொடுப்பது எழுத்து அல்ல, எழுத்துக்குப் பின்னால் இருக்கும் இரும்பு. தொழிற்சாலையில் அந்தப் பரப்பைச் செதுக்கிய கருவி, முடி போல மெல்லிய இணைகோடுகளை விட்டுச் செல்லும். மறுபடி சீவிய பிளாக்கில் அந்தக் கோடுகள் இருக்காது, இல்லை வட்ட வட்டமாகக் கீறல் இருக்கும். இது தெரிந்த கில்லாடிகள் கோடுகளையும் போலியாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது பார்ப்பது எழுத்தின் உருவம், ஆழம், வரிசை. என்ஜின் முத்திரையையும் கார் முத்திரையையும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு கருவியால் அடித்தார்கள். இரண்டும் ஒரே கையெழுத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

தேதிகளும் பேசும். பிளாக் வார்த்த தேதி அதன் பின்பக்கம் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். வார்த்த பிறகுதான் என்ஜின் கட்ட முடியும். என்ஜின் கட்டிய பிறகுதான் கார் கட்ட முடியும். மார்ச் மாதக் காரில் ஏப்ரல் மாத என்ஜின் இருந்தால் யாரோ நடுவில் கைவைத்திருக்கிறார்கள். இதிலும் ஒரு குழி உண்டு. 'ஏ 15 9' என்றால் ஜனவரி 15. 9 என்பது வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும். 3970010 என்ற வார்ப்பு எண் கொண்ட பிளாக் 1969 இசட்/28-லும் வந்தது, 1970-கள் முழுக்க சாதாரண 350 என்ஜின்களிலும் வந்தது. அந்த 9, 1969-ஆ 1979-ஆ? வார்ப்பு மட்டும் சொல்லாது.

கமாரோவில் குமாஸ்தாக்கள் போட்ட இன்னொரு பிச்சையையும் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் நடுவிலிருந்து நார்வுட் தொழிற்சாலை, என்ஜின் அறைத் தடுப்பில் இருக்கும் தகட்டில் எக்ஸ்33, எக்ஸ்77 போன்ற குறிகளை அடிக்க ஆரம்பித்தது. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் இசட்/28. அதற்கு முன் அங்கே வந்த கார்களுக்கு இது இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸ் தொழிற்சாலையில் பிறந்தவற்றுக்கு வருடம் முழுக்கவே இல்லை. ஏன் ஓர் ஊரில் அடித்தார்கள், இன்னோர் ஊரில் விட்டார்கள் என்று கேட்டால், அன்றைக்கு அது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை, அவ்வளவுதான். நார்வுட் தகடு நல்ல சாட்சி என்றதும், என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். போலித் தகடு அடித்துக் கொடுப்பவர்கள் வந்துவிட்டார்கள். பழுப்பேற்றிய பில்ட் ஷீட், வாரன்டி புத்தகத்தோடு வரும் உலோகத் தகடு எல்லாமே செய்து கிடைக்கும். தனித்தனியாக எந்த ஒரு காகிதத்தையும் நம்ப முடியாது. தாளும் தகடும் வார்ப்பும் துருவும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதைத்தான் பரிசோதகர் பார்க்கிறார்.

செவர்லேக்கு நேர் எதிர் கிரைஸ்லர் குழுமம். அதன் பிளைமவுத் பெயர் நமக்குப் புதிதல்ல; பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களில் ஜமீன்தார் இறங்கும் காரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கம்பெனி 1970-ல் 'குடா' என்ற காரில் 426 ஹெமி என்ஜினைப் போட்டது. சேசிஸ் எண் பி.எஸ்.23ஆர் என்று தொடங்கும். ஐந்தாவதாக வரும் ஆர்தான் ஹெமி. மூடிய கூரையோடு 652, திறந்த கூரையோடு 14 மட்டுமே அந்த வருடம் வந்தன. 1971-ன் திறந்த ஹெமி குடா அதைவிட அபூர்வம். 2014-ல் சியாட்டில் நகரில் மீக்கம் ஏலத்தில் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. என்ஜின் எழுத்து எண்ணிலேயே இருப்பதால் இங்கே பேட்ஜ் மாட்டி ஏமாற்ற முடியாது. ஏமாற்ற வேண்டுமானால் எண்ணையே தூக்க வேண்டும். அதையும் செய்கிறார்கள். துருப்பிடித்து மண்ணோடு மண்ணான அசல் ஹெமி குடாவின் மிச்சத்தை வாங்கி, அதன் டேஷ்போர்டு தகட்டையும் மட்கார்டுக்கு உள்ளே திருகியிருக்கும் குறியீட்டுத் தகட்டையும் கழற்றி, நல்ல நிலையில் இருக்கும் சாதாரண 318 என்ஜின் பாரகுடாவின் உடம்பில் பொருத்துவது. சேசிஸ் எண்ணை நீக்குவதும் மாற்றுவதும் அமெரிக்காவில் ஐந்து வருடம் வரை சிறைக்குப் போகக்கூடிய மத்திய அரசுக் குற்றம். வாங்கியவருக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் காரை போலீஸ் கொண்டுபோகலாம்.

இதைப் பிடிக்க கம்பெனியே ஒரு வழி விட்டிருக்கிறது. எண்ணின் சுருக்கம் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும் உடம்பின் வேறு மறைவான இடத்திலும் தகட்டோடு தகடாக அடித்திருக்கும். அந்தத் துண்டுகளையும் வெட்டி எடுத்து ஒட்டவைத்தால், வெளியே டிங்கரிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பின்பக்கம் வெல்டிங் தடம் இருக்கும். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. அதனால் அனுபவசாலிகள் பளபளக்கும் முன்பக்கத்தைக் கண்டுகொள்வதே இல்லை. கம்பளத்தைத் தூக்கி, டிக்கிக்குள் தலையை விட்டு, எல்லாத் தகட்டையும் பின்னாலிருந்து பார்க்கிறார்கள்.

எண் பொருந்தாத எல்லாக் காரும் நகல் என்று முடிவுகட்டுவது இன்னொரு அநியாயம். இந்தக் கார்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். சனிக்கிழமை இரவு கால் மைல் பந்தயம் ஓட்டி என்ஜினைச் சிதறடித்திருப்பார்கள். வாரன்டியில் செவர்லே புது பிளாக் கொடுத்திருக்கும். அந்த மாற்று பிளாக்கில் 'சி.இ.' என்று முத்திரை இருக்கும். காரின் பிறப்பு அசல், இதயம் மட்டும் மாற்றியது. அசலாகவே ஒழுங்காக வாழ்ந்த கார் பந்தயம் ஓடாத கார் என்பதால், முழுமையான எண்களோடு கிடைப்பது பெரும்பாலும் எந்த வேலைக்காகச் செய்தார்களோ அந்த வேலையைச் செய்யாத கார். எனக்கு இதில் சிரிப்பும் வரும், கொஞ்சம் வருத்தமும் வரும்.

எவ்வளவு மாறினாலும் அது அதே கார்தானா என்ற கேள்வி ஒருமுறை லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போனது. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஒரே பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் ஜெயித்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர். 1932-ல் அது வேறு என்ஜினோடு புரூக்லேண்ட்ஸ் மைதானத்தில் ஓடியபோது விபத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். மிஞ்சியதைக் கூரை போட்ட காராக மாற்றினார்கள். பல வருடம் கழித்துப் பழைய பந்தயத் தோற்றத்துக்குத் திரும்பக் கட்டினார்கள். 1990-ல் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. வாங்குபவர், இதில் லெ மான் ஓடிய உலோகமே இல்லை என்று பின்வாங்க, வழக்கு நீதிபதி ஓட்டன் முன் வந்தது. 1929-ல் ஓடியதில் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் விற்பவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். அந்தக் கார் ஒருநாளும் காணாமல் போகவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கார் அந்தப் பெயரில் வந்து உட்காரவில்லை. ஒவ்வொரு மாற்றமும் அதன் ஓட்டத்தின் ஊடே நடந்தது. தொடர்ச்சி அறுபடாததால் அது ஓல்ட் நம்பர் ஒன்தான் என்றார்.

அந்தத் தீர்ப்பை இந்த மஸில் கார்களுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. மூன்று என்ஜின் மாறிய ஜி.டி.ஓ., ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரசீது வைத்திருந்தால், என் கணக்கில் அது ஜி.டி.ஓ. எல்லா எண்ணும் கச்சிதமாகப் பொருந்தி, 1985-க்கு முன் யார் கையில் இருந்தது என்று யாருக்கும் தெரியாத கார் மேல் எனக்குச் சந்தேகம் அதிகம்.

நகலைக் கட்டுவதும் வைத்திருப்பதும் குற்றமல்ல. சொந்த மாலிபுவை எஸ்.எஸ். மாதிரி அலங்கரித்து, கேட்டவரிடம் நகல் என்றே சொல்லி, மழை வெயில் பார்க்காமல் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அசல் வைத்திருப்பவர் துணி போர்த்திப் பூட்டிவைத்திருக்கும் இடத்தில், கார் ஓட்டும் சந்தோஷம் இவர்களுக்குத்தான். வில்லங்கம் இரண்டாவது, மூன்றாவது கையில் தொடங்குகிறது. கட்டியவர் 'நகல்' என்று விற்பார். வாங்கியவர் விளம்பரத்தில் 'ட்ரிப்யூட்' என்று போடுவார். அவரிடம் வாங்கியவர் 'எஸ்.எஸ். அம்சங்களோடு' என்பார். அவருக்கு அடுத்தவர் 'எஸ்.எஸ்.; ஆவணங்கள் தொலைந்துவிட்டன' என்று எழுதுவார். யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டார்கள். ஆகவே நகல் ஒன்றை ஆசையாகக் கட்டுகிறவர், என்ஜின் வாங்கிய பில், பேட்ஜ் வாங்கிய பில், பட்டறைக் கூலிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு சீட்டுக்கு அடியில் செருகிவிட வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளி தெரியாமல் செய்த உபகாரத்தை அவர் தெரிந்தே செய்யலாம்.